பல் எப்போது உடைந்தது? – ஞானப்பிரகாசம் அண்ணன் நினைவாக

அன்று காலை பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தபோது மிஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "பாய், ராயப்பன்பட்டிப் பெரியவர் தவறிட்டாக. சாயந்திரம் அடக்கம்." பேசியவர் அந்த வீட்டுக்கு அடுத்த திராட்சைத் தோட்டக்காரர். நான் மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். மூத்தவர் சவரிமுத்து, நெஞ்சில் நீர் கட்டி மாதக்கணக்கில் படுக்கையும் நாற்காலியுமாக இருந்தவர். இளையவர் ஞானப்பிரகாசம், முந்தின வாரம்தான் ஸ்கூட்டரில் பட்டறைக்கு வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர். யாருக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. மூத்தவர் போய்விட்டார். ஞானப்பிரகாசம் அண்ணனை எப்படித் தேற்றுவது? உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி போய்ச் சேரும்வரை பைக்கில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்துவிட்டேன்.

பந்தலுக்குள் நுழைந்தால் வாசலோர நாற்காலியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா பாய். தம்பி உள்ளதான் இருக்கான், போய்ப் பாரு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே இருக்கிறார் என்றதால், உயிரோடு இருப்பவரைப் பார்க்கப் போகிறவன் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பெட்டியில் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஞானப்பிரகாசம் அண்ணன் படுத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அவர் மனைவி மேரி மதினி சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த ஆறுதல் அத்தனையும் அவருக்கானது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். இதை எழுதும்போதும் அநேகமாக அந்த நிலையில்தான் இருக்கிறேன்.

உத்தமபாளையம் கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கடைசிவரை அங்கே குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர்கள் பெயரைக் கொஞ்சமும் பிசகாமல் கூப்பிட வைப்பார். "பாதிப் பேருக்குக் கோர்ட்டுல கிடைக்கிறது அது ஒண்ணுதான் பாய். அதையாவது சரியாக் குடுக்கணும்ல" என்பார். சத்தமாகச் சிரிக்க மாட்டார். தோள் மட்டும் குலுங்கும். அவருக்கும் இரும்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்து நின்றால்கூட, பிளக் போய்விட்டதா என்று என்னிடம் தள்ளிக்கொண்டு வருகிறவர்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் திராட்சை அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு பழைய தண்ணீர் பம்ப். உடம்பு முழுவதும் துரு. உள்ளே சுற்றும் விசிறி அரித்துப் போய் அப்பளம் மாதிரி இருந்தது.

"எந்த வண்டியோடதுண்ணே?"

"எங்கய்யா வச்சிருந்த லாரி. தென்னந்தோப்பு ஷெட்டுல நிக்குது."

போய்ப் பார்த்தேன். வெளிநாட்டு வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். யுத்தகாலச் சரக்கை ஏலம் விட்டபோது அவருடைய அப்பா எடுத்தது. செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்திருக்கும். கேபின் கூரையில் கோழி முட்டையிட்டிருந்தது. "இதுக்குச் சாமான் கிடைக்காதுண்ணே. எடைக்குப் போட்டாத்தான் உண்டு" என்றேன்.

"கிடைக்காட்டி செய்வோம்" என்றார் அண்ணன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, ரிட்டயர்டு ஆனவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்றார். பங்குச் சாமியாரிடம், கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் இழுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மேரி மதினியிடம் சொன்னது, ஓடும் நிலையில் இருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்று. இதையெல்லாம் பிற்பாடு நாங்கள் பேசிக்கொண்டபோதுதான், ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

வேலையை ஆரம்பித்தோம். பம்பின் விசிறியை வெண்கலத்தில் வார்க்கச் சொல்லி, வார்த்து வந்ததை லேத்தில் கடைந்து உட்கார வைத்தேன். சைலன்சர் பக்கத்து வார்ப்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதைக் கரிநெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வெல்டு வைத்து, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆற விட்டோம். அவசரப்பட்டு எடுத்தால் வேறு இடத்தில் வெடிக்கும். கார்புரேட்டருக்காக அண்ணன் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். கடைசியில் கோட்டயத்தில் பஸ் முதலாளி ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. அண்ணன் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை மலையாளத்தை வைத்தே வாங்கி வந்துவிட்டார்.

இஞ்சின் மட்டும் அசைய மறுத்தது. பிளக் ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊற விட்டோம். ஒருநாள் மத்தியானம் முன்பக்க ஹேண்டிலை மாட்டி, நானும் அண்ணனும் சேர்ந்து எக்கி இழுத்தோம். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, உள்ளே 'கடுக்' என்று ஒரு சத்தம். அதோடு இஞ்சின் சுற்ற ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம். அண்ணன் முகத்தில் அது இல்லை.

"என்ன சத்தம் பாய் அது?"

"துரு விட்டிருக்கும்ணே."

துரு இல்லை. அடுத்த வாரம் முன்மூடியைக் கழற்றினால் டைமிங் கியரில் பற்கள் போயிருந்தன. வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கிற பல்சக்கரம் அது. அந்தக் காலத்து வண்டிகளில் சத்தம் குறைவதற்காக அதை இரும்பில் செய்யாமல், துணியை அடுக்கி அழுத்திய ஃபைபரில் செய்வார்கள். பல் போனால் இஞ்சின் நின்ற இடத்தில் நிற்கும்.

ஞானப்பிரகாசம் அண்ணன் அந்தச் சக்கரத்தைக் கையில் வாங்கி, பல் போன இடங்களை விரலால் தடவினார். "இது இப்ப நாம சுத்தும்போது உடைஞ்சதா? இல்ல, முன்னாடியே உடைஞ்சு கிடந்ததா?" என்று கேட்டார். அது ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்.

"எங்க அண்ணன் ஓட்டுன வண்டி பாய் இது. அரிசி ஏத்திக்கிட்டு குமுளிக்குப் போயிருக்காக. மலையில ஒரு வளைவுல வண்டி நின்னு பின்னுக்கு உருண்டிருச்சு. சக்கரத்துக்குக் கட்டை போடக் குதிச்சவரு லோடுமேன் மாயாண்டி. காமயகவுண்டன்பட்டிக்காரரு. அவரு மேலயே ஏறிருச்சு. இஞ்சின் தானா அணைஞ்சு போச்சு, பிரேக்கு மட்டும் தாங்கலன்னு அண்ணன் சொன்னாக. எங்கய்யா ஊரு முன்னாடி, 'என் வண்டியில ஒரு குத்தமும் இல்ல, இவன் குடிச்சிருந்தான்'னு சொல்லிட்டாரு. மறுநாள் விடியும்போது அண்ணன் வீட்டுல இல்ல."

சவரிமுத்து மலை தாண்டிப் போய் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அப்பா இறந்தபோதும் வரவில்லை. ஞானப்பிரகாசம் அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர். "எல்லாரும் தீர்ப்புச் சொன்னாக பாய். ஒருத்தரும் வண்டியத் திறந்து பாக்கல. எங்கய்யா இழுத்துட்டு வந்து ஷெட்டுல போட்டுப் பூட்டிட்டாரு" என்றார்.

இஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற அடிச்சட்டியைக் கழற்றினோம். உடைந்த பல் துண்டுகள் உள்ளே கிடந்தன. சில துண்டுகள் சேறு மாதிரி இறுகிய பழைய ஆயிலுக்கு அடியில் இருந்தன. ஒன்றிரண்டு அதற்கு மேலே கிடந்தன. அடியில் இருந்தவை அந்தக் காலத்திலேயே உடைந்தவை என்று சொல்லலாம். மேலே இருந்தவை எங்கள் ஹேண்டிலில் உடைந்தவையாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு உடைந்த பற்கள் இஞ்சினை நிறுத்துகிற அளவுக்கு இருந்தனவா? விபத்துக்கும் முந்தியே ஒன்றிரண்டு போய், வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்ததா? நாங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய் சேற்றைக் கலக்கியிருக்காது என்பதற்கு என்ன நிச்சயம்? அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாய் சொல்லுது?"

"ரெண்டு பக்கமும் சாட்சி சொல்லுதுண்ணே."

"கோர்ட்டுல இதுக்குச் சந்தேகத்தின் பலன்னு பேரு" என்றார். துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டே, "ஆனா வீட்டுல அதை யாரு குடுக்கிறது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்குப் போனார். முதலில் தன் அண்ணனிடம் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மாயாண்டியின் மனைவி பேச்சியம்மாள் மகன் வீட்டில் இருந்தார்கள். வயதாகியிருந்தது, ஆனால் கண் தெளிவு. துணியில் சுற்றிக்கொண்டு போன பல்சக்கரத்தை அவர்கள் முன்னால் வைத்து, இன்ன சாமான், இதற்கு இன்ன வேலை என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார்.

பேச்சியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "அப்ப இதுனாலதான் எங்க வீட்டுக்காரரு செத்தாகளா?"

"தெரியலத்தா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல."

என்ன நினைத்து இந்த மனிதர் இங்கே வந்தார், ஆறிய புண்ணை எதற்குக் கிளறுகிறார் என்று எனக்கே கோபமாக வந்தது. அப்புறம் அந்த அம்மாள் சொன்னார்கள்:

"அன்னைக்கு வந்தவுக எல்லாரும் தெரியும் தெரியும்னாக. குடிச்சிருந்தான்னாக, தூங்கிட்டான்னாக, விதின்னாக. நீங்க ஒருத்தர்தான் வந்து தெரியலன்னு சொல்றீக. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

திரும்பும்போது அண்ணன் ஸ்கூட்டரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேள்விக்கு விடை இல்லை என்று தெரிந்த பிறகு அந்த இஞ்சினை ஓட்டிக்காட்ட வேண்டிய அவசியம் என்ன? ஆனால் முன்னைவிட மும்முரமானார். புது டைமிங் கியர் வேண்டும் என்றார். இரும்பில் வெட்டித் தருகிறேன், காலத்துக்கும் நிற்கும் என்றேன். "வேண்டாம் பாய். என்ன இருந்துச்சோ அதேதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தார். அழுத்திய துணிப்பலகையை வரவழைத்தேன். பற்கள் சாய்வாக இருக்கும், அந்தச் சாய்வைப் பிடிப்பதுதான் கஷ்டம். முதல் சக்கரத்தில் சாய்வு தப்பிவிட்டது, மாட்டவே முடியவில்லை. இரண்டாவது மாட்டியது, ஆனால் கையால் சுற்றும்போதே உறுமியது. மூன்றாவதை, நடுவில் அச்சு மாட்டுகிற இரும்புக் குடம் வைத்து, பல்லை மட்டும் துணிப்பலகையில் வெட்டினேன். அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஒரு விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

இதற்கிடையில் எப்போதோ அவர் வண்டிப்பெரியாறுக்குப் போன் செய்திருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திருவிழாவுக்கு முந்தின நாள் தோப்புக்குப் போனபோது, ஷெட்டு வாசலில் ஒரு பெரியவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். "எங்க அண்ணன்" என்றார் ஞானப்பிரகாசம் அண்ணன், ஏதோ தினமும் வந்து போகிறவரை அறிமுகம் செய்வது போல. சவரிமுத்து வண்டிக்குள் ஏறவில்லை. கிட்டேகூட வரவில்லை.

ஸ்டார்ட் செய்ய உட்கார்ந்தது ஞானப்பிரகாசம் அண்ணன்தான். நான் பிளக் பக்கம் நின்றேன். இரண்டு முறை முக்கிவிட்டு நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒருசேர ஓடாமல், கறுப்புப் புகையைத் தள்ளிக்கொண்டு வண்டி முழுவதும் குலுங்கியது. அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே! சோக்க உள்ள தள்றா! பெட்ரோலு குடிச்சுச் சாகுது!"

வாசலில் நின்ற சவரிமுத்துதான் கத்தியது. ஞானப்பிரகாசம் அண்ணன் அவசரமாகத் தவறான குமிழைப் பிடித்தார். "அது இல்லடா, இங்கிட்டு, இடது பக்கம்!" என்று கத்திக்கொண்டே அவர் வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தானே தள்ளினார். இஞ்சின் சீராகி, மெல்லிய உறுமலோடு நிலைக்கு வந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் ஏலே என்று திட்டு வாங்கியவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

திருவிழா முடிந்தும் சவரிமுத்து மலைக்குத் திரும்பவில்லை. லாரி சப்பரம் இழுக்கவும் இல்லை, விலைக்குப் போகவும் இல்லை. அவ்வப்போது ஸ்டார்ட் செய்து, தோப்புக்குள் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவதோடு சரி. ஓட்டியது ஞானப்பிரகாசம் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து திட்டியது சவரிமுத்து.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, சவரிமுத்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் பாய். அந்தப் பல்லு அன்னைக்கே உடைஞ்சதுதானா?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். இதைத் தம்பி அவரிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். "அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாக?"

"போன்ல, 'அண்ணே, திறந்து பாத்தோம், பல்லு உடைஞ்சிருக்கு, வீட்டுக்கு வா'ன்னான். அவ்வளவுதான். எப்ப உடைஞ்சதுன்னு அவன் சொல்லல. நான் கேக்கல. கேட்டா வேற மாதிரி சொல்லிருவானோன்னு பயம்."

எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். அடியில் கிடந்தது, மேலே கிடந்தது, எல்லாவற்றையும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு ஞாபகம் இருக்குமேண்ணே. இஞ்சின் தானா நின்னுச்சுன்னு நீங்கதான சொன்னீக" என்றேன்.

"சொன்னேன். அப்பச் சொன்னது ஞாபகம் இருக்கு. நடந்தது ஞாபகம் இல்ல பாய். முந்தின நாளு குடிச்சேன், அது நெசம். காலையில குடிக்கல. கியரை மாத்தும்போது நின்னுச்சா, தானா நின்னுச்சா? இத்தனை வருசமா குடிச்சிருந்தான் குடிச்சிருந்தான்னு கேட்டுக் கேட்டு, நான் தள்ளாடிக்கிட்டே ஏறுன மாதிரி கனவு வருது. எது கனவு எது நெசம்னு எனக்கே பிரிக்கத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு பாத்தேன். அவனும் போயிட்டான்."

தம்பி செய்தது நியாயமா என்று அன்றிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். பேச்சியம்மாளிடம் தெரியவில்லை என்று சொல்லத் துணிந்தவர், சொந்த அண்ணனிடம் ஏன் பாதியோடு நிறுத்தினார்? முழுவதும் சொன்னால் அவர் வரமாட்டார் என்பதாலா? வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. சொல்ல நினைத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தாரா? கோர்ட்டில் காலமெல்லாம் இருந்தவருக்குப் பாதி உண்மை என்றால் என்னவென்று தெரியாதா? ஒரு சமயம் அவர் மேல் வருத்தமாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே, ஜன்னல் வழியாக நீண்ட அந்தக் கையும் திட்டும் நினைவுக்கு வந்துவிடுகிறது. என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

சில நாள் கழித்து சவரிமுத்து, தன்னைக் குமுளி ரோட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். திருவிழாவுக்குப் பஸ்ஸில் வந்தபோதுகூட மலையில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாராம். மச்சினன் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மேரி மதினி கல்லறையில் வைக்க வாங்கியிருந்த சம்பங்கிப் பூவில் ஒரு பொட்டலம் அவர் மடியில் இருந்தது. மாயாண்டி விழுந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

முதல் வளைவில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, சாலையையும் பாறையையும் பார்த்தார். "இங்கனதான்" என்றார். பிறகு, "இல்ல, அப்ப இங்கன மரம் இருந்துச்சு. இன்னும் மேல" என்றார். அடுத்த வளைவிலும் அப்படித்தான். சாலையை அகலப்படுத்தி, தடுப்புச்சுவர் கட்டி, எல்லாம் மாறியிருந்தது. ஐயப்ப சாமிகள் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. அவர் மூச்சு வாங்க நின்று, மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"எந்த வளைவுன்னு தெரியல பாய்."

"பரவாயில்லண்ணே. தோணுற இடத்துல வைங்க."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். கொஞ்சம் பூவை எடுத்து அந்தத் தடுப்புச்சுவர் ஓரத்தில் வைத்தார். பிறகு காரில் ஏறி, அடுத்த வளைவில் நிறுத்தச் சொன்னார். அங்கேயும் கொஞ்சம். அதற்கடுத்ததிலும். மலை உச்சி வரும்வரை ஒரு வளைவையும் அவர் விடவில்லை. நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

ஞானப்பிரகாசம் அண்ணே, உங்களுக்காகச் சேர்த்து வைத்த ஆறுதலை அன்று அவரிடம்தான் கொடுத்தேன். வார்த்தையாக இல்லை, காரை மெல்ல ஓட்டியதுதான். அவர் இங்கேதான் இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், மதினியைத் திட்டுவதில்லை, என்னைத் திட்டுகிறார். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.